முடி காணிக்கை

"ஏனுங்க கண்ணம்மாக்கா, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லீங்களா?"

வாசலில் நின்றபடியே கேட்டாள் நாகஜோதி. கையில் மல்லிகைச் சரம். வெள்ளிக்கிழமை பூக் கட்டினால், பக்கத்து வீட்டு மருமகள் பானுப்ரியாவுக்கும் ஒரு முழம் கொடுப்பது அவள் வழக்கம்.

பானுப்ரியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பழனியில் போட்டுக்கொண்ட மொட்டை. பூசிய சந்தனம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மாமியார் கண்ணம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"வெங்காயத்துக்கு அழறீங்களா, செஞ்ச பாவத்துக்கா? போன மாசம் எம் மக வளைகாப்புக்கு வந்தப்ப இடுப்புக்குக் கீழ தொங்குச்சு முடி. வேண்டுதல்னா உங்க தலையைக் குடுக்கறது! மருமக தலைதான் கிடைச்சுதா?"

"அத்தையைத் திட்டாதீங்கக்கா. மலையடிவாரத்துல வேண்டாம் வேண்டாம்னு அழுதாங்க. நான்தான் கேக்கல" என்றாள் பானுப்ரியா.

"உனக்கென்ன கண்ணு அப்படியொரு வேண்டுதல்?"

"வேண்டுதலே இல்லீங்கக்கா."

நாகஜோதிக்குப் புரியவில்லை.

"மழைக்காலத்துல காய்ச்சல் வந்துச்சுல்ல? அது போயிருச்சு. ஆனா அதுல சதையெல்லாம் உள்ளுக்குள்ள வீங்கிப் பலம் போயிருச்சுன்னு மதுரை டாக்டர் சொன்னாரு. தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல. கை தோளுக்கு மேல போகமாட்டேங்குது. மாத்திரைக்கு மெல்லத்தான் கேக்குமாம்."

"பார்த்தா ஒண்ணும் தெரியலையே கண்ணு!"

"அதுதான்க்கா கஷ்டம். சொன்னாலும், காய்ச்சல் விட்டு எம்புட்டு நாளாச்சு, இன்னுமா சாக்குன்னு கேக்கறாங்க."

"அப்ப தலை வாரறது?"

"அத்தைதான் வாரிப் பின்னி விடுவாங்க. வளைகாப்பு அன்னிக்கு அவங்க ஊர்ல இல்ல. வராம இருந்தா நீங்க வருத்தப்படுவீங்கன்னு, கையில முடிஞ்ச மட்டும் ஒதுக்கிவிட்டுக்கிட்டு வந்துட்டேன்."

கண்ணம்மாள் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பானுப்ரியா மொட்டையைத் தொடப் பார்த்தாள். கை காது வரைகூடப் போகாமல் இறங்கியது.

"இப்ப பரவாயில்லக்கா. மொட்டையைப் பார்த்தா, முருகனுக்கான்னு கேட்டுக் கும்பிட்டுட்டுப் போயிடறாங்க. 'விசேஷ வீட்டுக்குக்கூடத் தலை வாராம வர்ற சோம்பேறி'ன்னு யாரும் சிரிக்கறதில்ல."

வளைகாப்புப் பந்தலில் எல்லோரும் சிரிக்கும்படி அதே வார்த்தையைச் சொன்ன நாகஜோதிக்கு, கையில் இருந்த பூவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.