திராட்சை போடாத தட்டு

"ஒரு தட்டுக்கு மட்டும் திராட்சை வேணாம். போடறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வை" என்றார் லிபோரியோ.

நுன்ஸியா கரண்டியை நிறுத்தினாள். "மத்தி மீன் பாஸ்தா, காஞ்ச திராட்சை இல்லாமலா? ஊரே வந்து சாப்பிடப் போகுதுண்ணே. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சொன்னதைச் செய்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷன். மீன் ஷாக்கா மீன்பிடித் துறையில் இன்று காலை இறங்கியதாக இருக்க வேண்டும். சோம்புக் கீரை மலையில் தானாக முளைத்ததாக இருக்க வேண்டும். ஆபரேஷன் செய்த முழங்காலோடு அவரே ஏறிப் பறித்து வந்திருந்தார். கால் குணமானதற்கு நேர்த்திக்கடன் என்று சொல்லி, இந்த வருடச் சூசையப்பர் விருந்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவரும் அவர்தான்.

தனித் தட்டு அவருக்காகத்தான் இருக்கும், வயசானால் நாக்கு இப்படித்தான் என்று நினைத்தபடி எடுத்து வைத்தாள்.

பிடிவாதத்தில் நுன்ஸியாவும் அவருக்குத் தங்கைதான். இந்த விருந்து நாளில் சூசையப்பர், மாதா, பாலன் இயேசு வேடம் போட்ட மூவர் மூன்று வீடுகளில் இடம் கேட்பார்கள். இரண்டு வீட்டில் துரத்துவார்கள். மூன்றாவது வீட்டில் வரவேற்று விருந்து வைப்பார்கள். அந்த மூன்றாவது வீடு இதுதான். முக்காடு போட்டு வரப்போகிற மாதா, லிபோரியோவின் ஒரே மகள் மெலீனா. அண்ணனுக்குத் தெரியாமல் அந்த ஏற்பாட்டைச் செய்தவள் நுன்ஸியா. கேட்டதும் கோயில் ஃபாதர் மறுபேச்சில்லாமல் தலையாட்டியது அவளுக்கே ஆச்சரியம்தான்.

ஒன்பது வருடமாயிற்று. லிபோரியோவின் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு வந்த தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிட்ட குடும்பத்துப் பையனை மெலீனா கட்டிக்கொண்டாள். "இனி அவளை என் வாயால வீட்டுக்குள்ள கூப்பிட மாட்டேன்" என்று லிபோரியோ சூசையப்பர் சொரூபத்தைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டார்.

இன்று அவளைத் தகப்பன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தே தீருவது என்று நுன்ஸியா கங்கணம் கட்டியிருந்தாள். ஆனால் அவர் ஆளைக் கண்டுகொண்டால் ஊர் முன்னாலேயே கதவைச் சாத்திவிடுவார்.

ஆழம் பார்த்தாள். "மெலீனா பலெர்மோவிலேருந்து வந்திருக்காளாம்."

"நான் கேட்டேனா?"

"நல்ல நாளும் அதுவுமா..."

"ரொட்டித் தூள் கருகுது பாரு."

வாத்தியச் சத்தம் நெருங்கியது. கதவு தட்டப்பட்டது.

"யாரு?" என்றார் லிபோரியோ.

"சூசையும் மரியாளும் பிள்ளையும். தங்க இடம் வேணும்."

கதவைத் திறந்தார். முக்காட்டுக்குக் கீழே செபமாலை பிடித்த கை தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தெருவே காத்திருந்தது. தொலைந்தோம் என்று நினைத்தாள் நுன்ஸியா.

லிபோரியோ வாசலை விட்டு விலகி வழிவிட்டார். "உள்ள வாங்க. இது உங்க வீடு."

நுன்ஸியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வழக்கப்படி வீட்டுக்காரர்தான் தன் கையால் மூவருக்கும் பரிமாற வேண்டும். லிபோரியோ சூசையப்பருக்கு வைத்தார், பாலனுக்கு வைத்தார். பிறகு அந்தத் தனித் தட்டை எடுத்து வந்து மாதாவின் முன்னால் வைத்தார்.

"நான் மாதாவைத்தான் உள்ள கூப்பிட்டேன், நுன்ஸியா. சத்தியம் சத்தியமாவே இருக்கு" என்றவர், முக்காட்டின் பக்கம் குனிந்தார். "திராட்சை போடலம்மா. ஒண்ணொண்ணா பொறுக்கித் தட்டோரம் வைக்காம சாப்பிடு."