சிவப்புக்கோடு இல்லாத பக்கம்

அச்சகத்தின் மாடியறையில் மத்தியான வெயில் கணினித் திரைமேல் சாய்ந்து விழுகிறது. மெய்ப்புப் பார்க்கும் அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு மருந்துக் கையேட்டைப் பார்க்கிறாள். காலையில் பிழையான சொற்களுக்குக் கீழே கணினி போட்டு, பக்கமெங்கும் நெளிந்துகொண்டிருந்த சிவப்புக்கோடுகளில் இப்போது ஒன்றுகூட இல்லை. பிழைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரே மருந்தின் பெயர் மூன்று விதமாக. பக்கத்து நாற்காலியில் முதலாளியின் மாப்பிள்ளை தேநீரை ஆற்றுகிறார். "வர்றவங்க பார்த்தா அசிங்கமா இருக்குக்கா. கோடு விழுந்த வார்த்தையெல்லாம் சரியான வார்த்தைன்னு கம்ப்யூட்டரோட அகராதியில சேர்த்துட்டேன். இனிமே கம்ப்யூட்டர் வாயே திறக்காது." அக்காவின் காதுமடல் சுடுகிறது. ஒவ்வொரு சொல்லாக யோசித்து யோசித்து அவள் சேர்த்துவைத்த அகராதி அது. இன்று கண்ட கண்ட பிழையெல்லாம் அதற்குள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கீழே அச்சு இயந்திரம் உறுமத் தொடங்க, தரை அதிர்கிறது. "நாளைக்கு ஒருத்தர் தப்பான மாத்திரையை முழுங்கினா, அதையும் அகராதியில சேர்த்துடுவீங்களா?" அவர் சிரிக்கிறார். அக்கா தடித்த சிவப்பு மார்க்கரை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, திரையின் கண்ணாடிமேலேயே ஒவ்வொரு பிழைக்கும் கீழே கிறீச்சென்று கோடு இழுக்கிறாள். "இதை எந்த பட்டனை அமுக்கி எடுப்பீங்கன்னு நானும் பார்க்கிறேன்."