இன்னும் இருபது வளைவு

மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் அற்புதராஜ் பேருந்தை ஓரங்கட்டி, சாவியை நடத்துநரிடம் கொடுத்தார். பயணிகள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"உடம்பெல்லாம் அரிப்புன்னு காலையில ஒரு மாத்திரை போட்டேன். ராத்திரி போட்ட தூக்க மாத்திரையும் இன்னும் இறங்கல போல. ரெண்டும் சேர்ந்து கண்ணை இழுக்குது. மன்னிச்சுக்கங்க, இனி ஓட்ட மாட்டேன்."

"பன்னெண்டு மணிக்கு மேல டாக்டர் இருக்க மாட்டாங்கண்ணா" என்று ஏழு மாதக் கர்ப்பிணியான தேன்மொழி சீறினாள்.

"திட்டிக்கம்மா. இன்னும் இருபது வளைவு இருக்கு" என்றவர் இறங்கிப்போய்ச் சாலையோரப் புல்லில் படுத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து அடுத்த பேருந்து வந்தது. அவர் தலைமாட்டிலேயே நின்று நீளமாக ஹாரன் அடித்தது. எதிர்மலையிலிருந்து சத்தம் திரும்பி வந்தது. குறட்டை விட்டுக்கொண்டிருந்த அற்புதராஜின் இமைகூட அசையவில்லை.

எல்லோரும் ஓடிப்போய் ஏறினார்கள். தேன்மொழி மட்டும் வயிற்றில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் குடையை விரித்து, அவர் முகத்தில் வெயில் படாதபடி ஒரு கல்லில் சாய்த்து வைத்தாள்.

"நேரமாச்சும்மா" என்றார் நடத்துநர்.

"ஆகட்டும்ண்ணா" என்றாள்.