ராஜாவின் காது

"நான் 'மைந்தா'ன்னு சொல்றேன், அவர் 'மகனே'ங்கறாரு. 'வாளை எடு'ங்கறேன், 'எடுடா வாளை'ங்கறாரு. அந்தப் பழைய இயர்பட் கொரகொரன்னு ஆயிடுச்சு முதலாளி. நாளைக்கு நூறாவது காட்சி. புதுசு வாங்கியே ஆகணும்!"

நாடகக் குழுவின் முதலாளி தலையைச் சொறிந்தார். அவள் பிடித்த பிடியை விடமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் ஓர் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பவள் அவள். மடியில் நாடகப் பிரதி, வாயருகே கைப்பேசி. அவள் முணுமுணுப்பது கதாநாயகனின் அங்கிப் பையிலிருக்கும் இன்னொரு கைப்பேசிக்குப் போய், அங்கிருந்து அவர் காதில் மாட்டியிருக்கும் இயர்பட்டுக்குள் விழும்.

கதாநாயகனுக்கு முப்பது வருடமாக அரச வேடம்தான். குழுவில் எல்லோருக்கும் அவர் 'ராஜா'. இரண்டரை வருடத்துக்கு முன்னால் மூளையில் ரத்தம் கட்டி, மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தார். நடை இருந்தது, குரல் இருந்தது, வசனம் மட்டும் ஒரு வரிகூட நிற்கவில்லை. எல்லோரும் கையை விரித்த நேரத்தில், "நான் இருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டவள் அவள்தான். ஒப்பனைக்காரர் அவளுக்கு 'பின்பாட்டு' என்று பெயர் வைத்தார்.

"பின்பாட்டு இல்லண்ணே, முன்பாட்டு! நான் சொன்னப்புறம்தான் ராஜாவே வாயைத் திறக்கறாரு" என்பாள் அவள்.

அரங்கில் கைதட்டல் எழும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் அவளும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வாள். யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால்தான் பெருமையா என்ன?

முதலாளி சம்மதித்துவிட்டார். ராஜாதான் மசியவில்லை.

"பழசே போதும்மா. காதுக்குப் பழகிடுச்சு."

"என்னத்தைப் பழகிடுச்சு? நான் சொல்ற பாதி வார்த்தை உங்களுக்குக் கேக்கவே இல்லை!"

"சமாளிச்சுட்டுதானே இருக்கேன்?"

"நூறாவது காட்சிக்குப் பத்திரிகைக்காரங்க முன்வரிசையில உக்காந்திருப்பாங்கண்ணே. அங்க வந்து திருதிருன்னு முழிச்சீங்கன்னா, அதோட நம்ம ரெண்டு பேருக்கும் மேடை அவ்வளவுதான்."

ராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு மென்று விழுங்கினார்.

மறுநாள் மாலை, புது இயர்பட்டை அவளே அவர் காதில் பொருத்தி, சுருள் முடியை இழுத்து மறைத்துவிட்டாள்.

"கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றார் ராஜா, கசப்பு மருந்தை விழுங்கிய முகத்தோடு.

திரை உயர்ந்தது. அரசவைக் காட்சி. ராஜா கம்பீரமாக வந்து நின்றார். அவள் முதல் வரியை எடுத்துக் கொடுத்தாள். அவர் பாதி வரி சொன்னார், நின்றார். அவள் மறுபடி சொன்னாள். அவர் வேறெங்கோ ஆரம்பித்து, அதையும் விட்டுவிட்டார். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் ஒவ்வொரு சொல்லாக உடைத்து உடைத்துச் சொல்ல, ராஜாவோ காதைச் சுற்றி ஈ பறப்பதுபோலத் தலையை ஆட்டினார். மந்திரி வேடக்காரர்தான் இடையில் புகுந்து எப்படியோ காட்சியை ஒப்பேற்றினார்.

இடைவேளையில் முதலாளி அவள்மேல் பாய்ந்தார். "புதுசு புதுசுன்னு குதிச்சியே! இப்ப மானம் போகுதே!"

அவள் பிரதியில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "பழகாத காது, கொஞ்சம் தடுமாறுது. ரெண்டாவது பாதியைப் பாருங்க. நான் விடமாட்டேன்."

ராஜா, "அஞ்சு நிமிஷம் என்னை விடுங்க" என்று ஒப்பனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டாவது பாதியில் மேடைக்கு வந்தவர் பழைய ராஜா. மகனை நாடு கடத்தும் காட்சியில் அவர் குரல் உடைந்தபோது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு வரி தப்பவில்லை, ஓர் இடத்தில் தயங்கவில்லை. அவள் தொண்டை வறள வறளப் பக்கம் பக்கமாக எடுத்துக் கொடுத்தாள். திரை விழுந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. அவளும் ஸ்டூலிலிருந்து எழுந்து, நெஞ்சில் கைவைத்து, நன்றாகவே குனிந்தாள்.

முதலாளி ஓடி வந்தார். "ராஜா, கலக்கிட்டீங்க! புதுசு வேலை செய்யுது போல!"

"இவ குரல் இல்லேன்னா நான் இந்த மேடையே ஏறியிருக்க முடியாது, முதலாளி" என்றார் ராஜா.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்காரர்களைக் கவனிக்க முதலாளி நகர்ந்ததும், "ரெண்டாவது பாதியில பளிச்சுனு கேட்டுச்சு, இல்லண்ணே?" என்றாள்.

ராஜா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புது இயர்பட்டை அங்கிப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இடைவேளையிலயே கழட்டிட்டேம்மா. நீ காதுல பேசப் பேச எனக்கு எல்லாம் குழம்பிப் போச்சு."

"அப்ப... வசனம்?"

"ரெண்டு வருஷம் நீ ஓதி ஓதி மொத்த நாடகத்தையும் என் மண்டையில ஏத்திட்டே. பழைய இயர்பட் செத்து ஆறு மாசம் ஆச்சு" என்று குரலைத் தாழ்த்தினார் ராஜா. "வெளியில சொன்னா, அந்த ஸ்டூலை எடுத்துடுவாங்களேம்மா."