மாமன் கொண்டுவந்த சீர்

மகளின் காதுகுத்துக்கு மைத்துனர் உக்கிரபாண்டி சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கிய சின்னச் சரக்கு வண்டியைப் பார்த்ததும் முத்துராமலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போனது.

“ஊருல ஒவ்வொரு தாய்மாமனும் லாரியில சீர் கொண்டாரான். நீங்க என்னடான்னா குட்டி யானையில வாறீக!”

“லாரி இந்தச் சந்துக்குள்ள நுழையாது மாப்ள. இதுக்கு டீசலும் கம்மி. லிட்டருக்கு…”

“அதை யாரு கேட்டா? இங்கன எம் மானம் போகுது!”

உக்கிரபாண்டி வெற்றிலைத் தட்டில் வண்டிச் சாவியை வைத்துத் தங்கை வீரலட்சுமியிடம் நீட்டினார்.

“இனிமே ராம்நாட்டுக்கு மிளகாய் மூடை ஏத்த வாடகை லாரிக்குக் காத்துக் கெடக்காதீக தாயி. இந்த வண்டியும் சீருதான்.”

பெண்கள் குலவையிட்டார்கள்.

முத்துராமலிங்கம் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, மைத்துனரின் காதருகே குனிந்தார்.

“லிட்டருக்கு எம்புட்டுன்னு சொன்னீக, மச்சான்?”