ஸ்ட்ராபெரித் தலைமுறை

"நாளைக்கு எனக்கு லீவு வேணும், முதலாளி" என்றாள் பெய்ஷான். அந்தப் பட்டறையில் லியாவ் என்பவரை யாராக இருந்தாலும் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

காவ்ஷியுங் நகரத்திலேயே பழைய திருகாணிப் பட்டறை அவருடையது. எல்லோர் காதிலும் விழும்படி கத்தினார்.

"தைவானே உங்களை ஸ்ட்ராபெரித் தலைமுறைன்னு சும்மாவா சொல்லுது? பார்க்கப் பளபளன்னு இருப்பீங்க, விரல் பட்டாலே நசுங்கிடுவீங்க. போன மாசந்தானே லீவு போட்டே?"

"அவசரம், முதலாளி."

"எங்க தலைமுறைக்கு அவசரமே வரலையா? என் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி எடுத்தப்பக்கூட நான் மெஷினை விட்டு நகரலை. அதெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போகுது?"

பெய்ஷான் கையுறைகளைக் கழற்றி அவர் மேஜைமேல் வீசினாள்.

"தெரியும்ப்பா. அன்னிக்கு அம்மா தனியாப் போய்ப் பெத்தது என்னைத்தான். நாளைக்கு அவங்களுக்கு ஹார்ட் ஆபரேஷன். எப்படியும் நீங்க வரப்போறதில்லை, சொல்லாதேன்னுட்டாங்க."

லியாவ் எழுந்து, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்பதற்குள் அவளுடைய ஸ்கூட்டர் வாசலைத் தாண்டியிருந்தது.