பச்சை ஸ்க்ரப்பர்

“ஐயையோ பெத்தனி! உன் புருஷன் என்ன பண்றான் பாரு!”

சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக் கத்தினாள் லொரெய்ன். வாசலில் அவள் கணவர் வெர்னனின் கறுப்புக் கார். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரால் அதைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தான் மருமகன் டெவின்.

“ஃபாதர்ஸ் டே ஆச்சே, அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு ஆசைப்பட்டான்மா.”

“நல்லா ஆசைப்பட்டான் போ!”

சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி என்று வைத்துக் கார் கழுவுகிறவர் வெர்னன். துணி தரையில் விழுந்தால் நேரே குப்பைத் தொட்டிதான். பானெட் மேல் மளிகைப் பையை வைத்த குற்றத்துக்காக லொரெய்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்த புண்ணியவான்.

டிரம்ஸ் அடிக்கிறவனுக்கா என் பெண் என்று பெத்தனியின் கல்யாணத்துக்கே அவர் போகவில்லை. லொரெய்ன் கெஞ்சிக் கூத்தாடித்தான் இன்று முதல்முறையாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் படியேறியிருந்தார்கள்.

“இன்னிக்கும் அப்பா அவன்கிட்ட கத்தினாருன்னா, சத்தியமா இனிமே இந்தப் பக்கமே வர மாட்டோம்.”

இறைச்சி சுடும் கிரில்லுக்குக் கரி வாங்கத் தெருமுனைக்கு நடந்து போயிருந்த வெர்னன், நேரம் பார்த்துத் திரும்பி வந்தார்.

பானெட்டில் பாதி முடிந்திருந்தது. வெயிலில் அந்தப் பாதி முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். கை படாத பாதியில் வெறும் தூசி.

வெர்னனின் கழுத்து நரம்பு புடைத்தது.

டெவினும் அப்போதுதான் குனிந்து பார்த்தான். பேயறைந்தது போலாகிவிட்டான்.

“சார்... இதெல்லாம் நான் பண்ணினதா?”

வெர்னன் பானெட்டை ஒரு தரம் பார்த்தார், டெவினை ஒரு தரம் பார்த்தார்.

“அது பழைய கீறல். அந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கும். தூசி போனா தெரியும். ஸ்க்ரப்பரைக் குடுத்துட்டு உள்ள போய் ஜில்லுன்னு ஏதாவது குடி, போ.”

டெவின் உள்ளே வந்து சொன்னதும் பெத்தனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்பா கார்ல பழைய கீறலா? மிச்ச காரைக் காப்பாத்தறதுக்கு உன்னை நைசா உள்ள அனுப்பியிருக்காரு. அவருக்கு மனுஷங்களைவிடக் கார்தான் பெருசு. கிளம்பு!”

அவள் கைப்பையை எடுத்துவிட்டாள். லொரெய்னுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வார்த்தையாவது கேட்டுவிடுவது என்று ஜன்னலுக்கு ஓடினாள்.

கீறலே இல்லாத அந்த மறுபாதியை, அதே பச்சை ஸ்க்ரப்பரால் வட்ட வட்டமாக அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார் வெர்னன்.